உங்கள் லைப்ரரி தடுக்கி விழும்போது: பிழை கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அளவீட்டுக் கருவிகள் எழுதித் தள்ளும் சிஎஸ்வி ஃபைல்களைப் படித்து, சராசரி போட்டுத் தரும் ஒரு சின்ன லைப்ரரியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். முதல் வெர்ஷன் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. அதுதான் பிரச்சினையே. கருவி ஒன்று பழுதாகி, இடையிடையே வெற்றுக் கட்டங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் ஃபங்ஷனிடம் வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத உரையை, கொடுத்தால் அது 0 என்று பதில் சொல்லும். மூன்று வாரம் வெப்பநிலைச் சராசரி மெல்ல மெல்ல இறங்கியது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் ரோஷம் வந்து, இரண்டாவது வெர்ஷனில் எதிர்த்திசையில் ஓடினேன்: கோளாறான வரி கண்ணில் பட்டால் உடனே ப்ராசஸை நிறுத்திவிடு. அந்த லைப்ரரியை நண்பர் ஒருவர் தன் சர்வருக்குள் வைத்திருந்தார். ஒரே ஒரு கெட்ட வரி, மொத்த சர்வரும் படுத்துவிட்டது. நடுராத்திரியில் எனக்கு அழைப்பு.

இரண்டு முறையும் நான் செய்தது ஒரே தப்பு என்பது புரிய நாளானது. அழைப்பவர், அதாவது லைப்ரரியைத் தன் நிரலுக்குள் பயன்படுத்துபவர், எடுக்க வேண்டிய முடிவை என் லைப்ரரி தானே எடுத்துக்கொண்டது. முதலில் ‘பரவாயில்லை, 0 என்று வைத்துக்கொள்’ என்றது. பிறகு ‘எல்லாக் கடையையும் மூடு’ என்றது. என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லவேண்டும், கையில் இருந்ததைச் சிதறவிடாமல் வைக்கவேண்டும். அதோடு லைப்ரரியின் வேலை முடிந்தது. மேற்கொண்டு என்ன செய்வது என்பது அழைப்பவர் பாடு.

மூன்றாவது முறை ஓரளவு சரியாக வந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு பட்டியல்

லைப்ரரியில் வெளியாட்கள் அழைக்கக்கூடிய ஃபங்ஷன்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எப்படியெல்லாம் தோற்கலாம் என்று எழுதுங்கள். ஃபைல் இல்லை, ஃபைல் இருக்கிறது ஆனால் படிக்க அனுமதி இல்லை, பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, யுடிஎஃப்-8 இல்லை, வட்டு நிரம்பிவிட்டது, நெட்வொர்க் பதில் சொல்லவில்லை, அழைத்தவர் எண்ணுக்குப் பதில் சரத்தைக் கொடுத்துவிட்டார். இப்படி.

அப்புறம் ஒவ்வொரு தோல்விக்கும் பக்கத்தில் ‘இது யார் பக்கத்துக் கோளாறு?’ என்று குறியுங்கள். விடை மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, அழைத்தவரின் நிரல் தப்பு: எதிர்மறை நீளம், கட்டாயமான ஆர்க்யுமென்ட் விடுபட்டது. அவர் நிரலைத் திருத்தினால்தான் தீரும், மறுபடி முயல்வதில் பலனில்லை. இரண்டு, வெளியுலகம்: ஃபைல், நெட்வொர்க், வட்டு. நிரலில் ஒரு தப்பும் இல்லாமலே இது நடக்கும், நாளைக்குத் தானாகச் சரியாகவும் ஆகலாம். மூன்று, உங்கள் லைப்ரரிக்குள்ளேயே இருக்கும் பக். இந்த மூன்றையும் ஒரே பிழையாகத் திரட்டிக் கொடுத்தால் அழைப்பவர் திணறுவார்.

எனக்கு 14 ஃபங்ஷன்கள். பட்டியல் போட ஒரு மாலை ஆனது. இதைத் தவிர்த்துவிட்டு நேராக நிரலில் இறங்கியதால்தான் முதல் இரண்டு வெர்ஷன்களும் வீணாயின. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 8ஆம் படியில் அதுவே ஆவணமாகும்.

2. ‘கிடைக்கவில்லை’ என்பதும் ‘தோற்றுவிட்டேன்’ என்பதும் வேறு

தேடிய பெயர் அகராதியில் இல்லை என்றால் அது பிழையா? பெரும்பாலும் இல்லை. அது ஒரு சாதாரண விடை. அகராதியையே திறக்க முடியவில்லை என்றால்தான் பிழை. ரஸ்ட் மொழி இதற்கு இரண்டு தனி வகைகளையே வைத்திருக்கிறது: இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதற்கு ஆப்ஷன், வெற்றி அல்லது பிழை என்பதற்கு ரிசல்ட். உங்கள் மொழியில் இந்த வசதி இல்லாவிட்டாலும் மனதில் இந்தப் பிரிவு இருக்கட்டும்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது: தோல்வியைச் சொல்ல, சரியான விடை போலவே தோன்றும் ஒரு மதிப்பைத் திருப்பித் தருவது. சி மொழியில் எழுத்துச் சரத்தை எண்ணாக்கும் ‘ஏ-டு-ஐ’ ஃபங்ஷனுக்கு ‘வணக்கம்’ என்று கொடுத்தாலும் 0, ‘0’ என்று கொடுத்தாலும் 0. எது எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பைத்தானில் சரத்துக்குள் தேடும் ‘ஃபைண்ட்’, கிடைக்காவிட்டால் -1 தரும். ஆனால் பைத்தானில் -1 என்பது கடைசி எழுத்தின் இடமும்கூட! ‘காற்புள்ளி வரைக்கும் வெட்டு’ என்று எழுதிய நிரல், காற்புள்ளியே இல்லாத வரியில் கடைசி எழுத்தை மட்டும் கத்தரித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மேலே போய்விடும். அதே வேலையைச் செய்யும் ‘இண்டெக்ஸ்’ ஃபங்ஷன் எக்ஸ்செப்ஷன் எறியும், அதாவது வழக்கமான ஓட்டத்தை நிறுத்திப் பிழையை மேலே அனுப்பும். சந்தேகம் இருந்தால் அதையே எடுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை சொந்தமாக எதுவும் கண்டுபிடிக்காதீர்கள். மொழியின் வழக்கம் எதுவோ அதுவே உங்கள் வழக்கம். பைத்தானிலும் ஜாவாவிலும் எக்ஸ்செப்ஷன். கோ மொழியில் கடைசி ரிட்டர்ன் மதிப்பாக எரர். பேனிக், அதாவது யாரும் பிடிக்காவிட்டால் நிரலையே நிறுத்திவிடும் பிழை, உங்கள் பேக்கேஜின் எல்லையைத் தாண்டி வெளியே போகக்கூடாது. ரஸ்டில் ரிசல்ட். சி++ இல் எக்ஸ்செப்ஷன் வேண்டாம் என்றால் சி++23 முதல் ‘எக்ஸ்பெக்டெட்’ இருக்கிறது. சி மொழியில் ரிட்டர்ன் மதிப்பும், கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவும். அங்கே ஒரு கண்ணி உண்டு. ஒரு ஃபங்ஷன் வெற்றி பெற்றால் எர்நோவை 0 ஆக்கித் தரும் என்று நம்பாதீர்கள், ஆக்காது. சரத்தை எண்ணாக்கும் ‘ஸ்டிர்-டு-எல்’ போன்றவற்றை அழைக்கும் முன் நீங்களே 0 ஆக்கவேண்டும். பிழை வந்ததும் வேறு எதையும் அழைக்கும் முன் அதை ஒரு வேரியபிளில் எடுத்து வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நீங்கள் அழைத்த பிரிண்ட் அதை அழித்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிராமிஸ் (பிறகு வரப்போகும் விடைக்கான ஆப்ஜெக்ட்) தரும் ஃபங்ஷன் சில பிழைகளை உடனே எறிந்து, சில பிழைகளை பிராமிஸ் வழியாக அனுப்பக்கூடாது. அழைப்பவர் இரண்டு இடத்திலும் வலை விரிக்கவேண்டியிருக்கும். ஒன்றை நிச்சயம் மறப்பார். ஃபங்ஷனை ‘அசிங்க்’ என்று அறிவித்துவிட்டால் இந்தத் தொல்லை தானாகப் போகும். அப்புறம், எறிவதென்றால் எரர் ஆப்ஜெக்ட்டையே எறியுங்கள். வெறும் சரத்தை எறிந்தால் அது எங்கிருந்து கிளம்பியது என்ற ஸ்டாக் டிரேஸ் கிடைக்காது.

3. பிழைகளுக்குப் பெயர் வையுங்கள், ஆனால் கொஞ்சமாக

லைப்ரரிக்கென்று ஒரு தாய்ப் பிழை வகை. அதன் கீழே சில சேய் வகைகள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி இப்படித்தான் செய்கிறது: ‘ரிக்வெஸ்ட் எக்ஸ்செப்ஷன்’ ஒன்றைப் பிடித்தால் அது வேண்டுமென்றே எறியும் எல்லாமே வலையில் விழும், டைம்அவுட்டை மட்டும் தனியாகக் கையாள வேண்டுமானால் அதற்கும் பெயர் இருக்கிறது.

எத்தனை வகை வேண்டும்? ஆரம்பத்தில் நான் 19 வைத்தேன். இப்போது 4. ஒரு கேள்வி கேட்டுத்தான் வடிகட்டினேன்: இந்த இரண்டு பிழைகளுக்கும் அழைப்பவர் வெவ்வேறு காரியம் செய்வாரா? செய்யமாட்டார் என்றால் ஒரே வகை போதும், வேறுபாட்டை உள்ளே ஒரு ஃபீல்டாக வைத்துக்கொள்ளலாம். வரி எண், பத்தியின் (நெடுவரிசையின்) பெயர், வந்த மதிப்பு இவையெல்லாம் தனித்தனி ஃபீல்டுகளாக இருக்கட்டும். செய்தி வாக்கியத்துக்குள் மட்டும் புதைத்துவிட்டால், அழைப்பவர் அந்த வாக்கியத்தை ரெஜெக்ஸ் (உரையில் வடிவங்களைத் தேடும் குறிமுறை) வைத்துக் கிண்டுவார். பிறகு ஒரு எழுத்துப் பிழையை நீங்கள் திருத்தினாலும் அவருடைய நிரல் உடையும்.

ரஸ்டில் பிழை வகைகளை ‘ஈனம்’ என்ற பட்டியல் வகையாக வெளியிடுகிறீர்கள் என்றால் ‘நான்-எக்ஸாஸ்டிவ்’ என்ற குறிப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். நாளைக்குப் புதிய வகை சேர்த்தாலும் அடுத்தவர் நிரல் கம்பைல் ஆகும். பிறகு சேர்ப்பது பழைய பயனர்களை உடைக்கும் மாற்றமாகிவிடும்.

4. செய்தியில் என்ன எழுதுவது

‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று எழுதுவதற்கு ஒன்றும் எழுதாமலே இருக்கலாம். எதைச் செய்யப்போனோம், எதில் தடுக்கியது, அங்கே என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது. இவ்வளவு இருந்தால் போதும். என் லைப்ரரி இப்போது தரும் செய்தி இது: ‘வரி 4812, பத்தி வெப்பநிலை: எண் எதிர்பார்க்கப்பட்டது, வெற்றுச் சரம் வந்தது.’ வந்த மதிப்பை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்; கடைசியில் ஒட்டிய இடைவெளி அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

மதிப்பைக் காட்டுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. டேட்டாபேஸ் இணைப்புச் சரத்தைச் செய்தியில் அப்படியே ஒட்டினால் பாஸ்வேர்டும் கூடவே போகும். பிழைச் செய்தி லாக்குக்குப் போகும், அங்கிருந்து யார் யாரோ பார்க்கும் திரைகளுக்குப் போகும். டோக்கன், பாஸ்வேர்ட், பயனரின் சொந்த விவரம் எதுவும் உள்ளே இல்லை என்று பாருங்கள். நீளமான மதிப்பை வெட்டிக் காட்டுங்கள்.

கீழிருந்து வந்த பிழையை உங்கள் வகைக்குள் சுற்றும்போது மூலப் பிழையைத் தூக்கி எறியாதீர்கள். பைத்தானில் ‘ரெய்ஸ்’ உடன் ‘ஃப்ரம்’, கோவில் 1.13 முதல் எர்ரர்ஃப் ஃபங்ஷனுக்குள் ‘சதவீத டபிள்யூ’, ஜாவாஸ்கிரிப்டில் 2022 தரத்திலிருந்து எரரின் ‘காஸ்’ விருப்பம், ஜாவாவில் கன்ஸ்ட்ரக்டருக்கே மூலப் பிழையைக் கொடுப்பது. எல்லாமே ஒரு சொல் கூடுதலாக அடிக்கும் வேலைதான். அதைச் செய்யாததால் நான் தொலைத்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

5. கைவைக்கவே கூடாத இடங்கள்

ப்ராசஸையே நிறுத்தும் எக்ஸிட், அபார்ட் போன்றவற்றை லைப்ரரிக்குள் அழைக்காதீர்கள். பெயர் பெற்ற லைப்ரரிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஜேபெக் படங்களைப் படிக்கும் லிப்ஜேபெக்கின் இயல்பான பிழை கையாளி, கடுமையான பிழை வந்தால் எக்ஸிட்டை அழைத்துவிடும். அதைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் சொந்தக் கையாளியைப் பொருத்தி, லாங்ஜம்ப் போட்டு, அதாவது முன்பே குறித்து வைத்த இடத்துக்குத் தாவி, தப்பிக்கிறார்கள். பட எடிட்டருக்குள் ஒரு கெட்ட படம் திறந்தால் எடிட்டரே மூடிக்கொள்வதை யார் விரும்புவார்?

திரையில் பிரிண்ட் செய்யாதீர்கள். பிழையை எறிந்துவிட்டு அதையே லாக்கிலும் எழுதாதீர்கள். மேலே இருப்பவரும் எழுதுவார், ஒரே பிழை லாக்கில் மூன்று முறை நிற்கும். லாக் தேவைதான் என்றால் அழைப்பவர் கட்டுப்படுத்தும்படி இருக்கட்டும். பைத்தானில் லைப்ரரிகள் எதையும் எழுதாத ‘நல் ஹேண்ட்லர்’ மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கம்.

எல்லாவற்றையும் பிடித்து விழுங்கும் வெற்று எக்ஸெப்டும் கூடாது. பைத்தானில் அது கண்ட்ரோல்-சி அழுத்துவதையும் சேர்த்தே விழுங்கும். நிரலை நிறுத்தக்கூட முடியாமல் பயனர் தவிப்பார். இன்னொரு மௌனத் திருடன், பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் எழுதும் ரிட்டர்ன். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் அது வெளியே போய்க்கொண்டிருந்த எக்ஸ்செப்ஷனைச் சுவடில்லாமல் அழித்துவிடும்.

அழைப்பவரின் உள்ளீட்டைச் சரிபார்க்க, நிபந்தனை பொய்யானால் பிழை எறியும் அசெர்ட்டை நம்பவேண்டாம். பைத்தானை -ஓ விருப்பத்தோடு ஓட்டினால் அசெர்ட்டுகள் அனைத்தும் காணாமல் போய்விடும்.

6. பாதியில் உடைந்தால் என்ன மிஞ்சும்?

பிழை சொன்னால் மட்டும் போதாது. பிழைக்குப் பிறகு என்ன நிலையில் விட்டுச் செல்கிறீர்கள் என்பதைத்தான் நான் கடைசியாகக் கற்றேன். பழைய ஃபைலைத் திறந்து மேலேயே எழுதத் தொடங்கி, பாதியில் வட்டு நிரம்பினால், பழையதும் இல்லை புதியதும் இல்லை. அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையாக முடிந்த பிறகு பெயரை மாற்றுங்கள். ‘அதே ஃபோல்டர்’ என்பது முக்கியம். வேறு வட்டில் இருக்கும் தற்காலிக ஃபோல்டரில் எழுதினால் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்காது, சில நேரம் நடக்கவே மறுக்கும்.

நினைவகத்திலும் இதே விதி. முதலில் கணக்கை உள்ளூர் வேரியபிள்களில் முடித்துவிட்டு, கடைசியில் ஆப்ஜெக்ட்டின் ஃபீல்டுகளை மாற்றுங்கள். தோற்றால் ஆப்ஜெக்ட் தொடங்கிய நிலையிலேயே இருக்கும். எல்லா ஃபங்ஷனுக்கும் இது சாத்தியமில்லை. முடியாத இடத்தில் ‘பிழைக்குப் பிறகு இந்த ஆப்ஜெக்ட்டை மூடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

திறந்ததை மூட மொழியே வசதி தருகிறது: பைத்தானின் ‘வித்’, கோவின் ‘டிஃபர்’, ஜாவா 7 முதல் ‘ட்ரை-வித்-ரிசோர்சஸ்’, சி++ இல் டிஸ்ட்ரக்டர். மூடும் ஃபங்ஷனும் தோற்கலாம் என்பதை மறக்காதீர்கள். சி மொழியில் எஃப்ரைட் வெற்றி என்று சொல்லியிருக்கும், பஃபரில் தங்கிய எழுத்துகள் எஃப்க்ளோஸின்போதுதான் வட்டுக்குப் போகும், அப்போதுதான் இடமில்லை என்பது தெரியவரும். எஃப்க்ளோஸின் ரிட்டர்ன் மதிப்பைப் பார்க்காதவர்தான் அதிகம்.

சரி, ஃபைலில் 10,000 வரி, அதில் ஒன்று மட்டும் கெட்டது என்றால்? நான் இரண்டு முறை வீழ்ந்த இடம் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். இப்போது என் லைப்ரரி சும்மா அழைத்தால் முதல் கெட்ட வரியிலேயே நின்று பிழை எறியும். அழைப்பவர் விரும்பினால் ஒரு கால்பேக், அதாவது லைப்ரரி திரும்ப அழைக்கும் அவருடைய ஃபங்ஷன், கொடுக்கலாம். கெட்ட வரி வரும்போதெல்லாம் வரி எண், பத்தி, வந்த மதிப்பு மூன்றும் அந்தக் கால்பேக்குக்குப் போகும். அது ‘விட்டுவிடு’, ‘இந்த மதிப்பை வைத்துக்கொள்’, ‘நிறுத்து’ ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லவேண்டும். எத்தனை வரி விடப்பட்டது என்ற எண்ணிக்கை விடையோடு சேர்ந்தே வரும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். 10,000 வரியில் 9,000 விடப்பட்டுப் போட்ட சராசரியை யாரும் தெரியாமல் நம்பிவிடக்கூடாது அல்லவா?

7. நேரம்: டைம்அவுட்டும் மறுமுயற்சியும்

நெட்வொர்க்கைத் தொடும் எந்த ஃபங்ஷனும் டைம்அவுட் ஆர்க்யுமென்ட் இல்லாமல் வெளியே போகக்கூடாது. மேலே சொன்ன ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில்கூட நீங்களாகக் கொடுக்காவிட்டால் டைம்அவுட் கிடையாது. எதிர்முனை மௌனமானால் உங்கள் நிரலும் காத்துக்கொண்டே நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் வேறு விதம்: சர்வர் 404, 500 என்று பதில் சொன்னாலும் அது பிழை எறியாது. ‘ஓகே’ ஃபீல்டை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

தானாக மறுபடி முயல்வதை லைப்ரரியில் ஒளித்து வைக்காதீர்கள். கணக்கு எளிது: உங்கள் லைப்ரரி 3 முறை முயல்கிறது, உங்களை அழைக்கும் லைப்ரரி 3 முறை, அதற்கு மேலிருக்கும் அப்ளிகேஷன் 3 முறை. மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் சர்வருக்கு ஒரே வேண்டுகோள் 27 முறை போகும். மறுமுயற்சி இயல்பாக அணைந்திருக்கட்டும். எந்தப் பிழைக்கு மறுபடி முயன்றால் பலன் உண்டு என்பதைப் பிழையிலேயே ஒரு ஃபீல்டாகச் சொல்லுங்கள். சர்வரின் 429 (வேண்டுகோள்கள் அதிகம்), 503 (இப்போது சேவை இல்லை) பதில்களோடு, எப்போது மறுபடி முயலலாம் என்று சொல்லும் ரிட்ரை-ஆஃப்டர் தலைப்பு வந்தால் அந்த மதிப்பையும் கடத்துங்கள். ஒரே காரியத்தை இரண்டு முறை செய்தால் கேடு விளையும் ஃபங்ஷன்களுக்கு, பணம் அனுப்புவது போன்றவற்றுக்கு, டைம்அவுட் என்றால் ‘நடக்கவில்லை’ என்று பொருளல்ல. நடந்ததா இல்லையா தெரியாது என்றுதான் பொருள். அதையும் எழுதுங்கள்.

8. ஆவணம்

ஒவ்வொரு ஃபங்ஷனின் விளக்கத்திலும் எந்தச் சூழலில் எந்தப் பிழை வரும், வந்தபின் நிலை என்ன என்று இரண்டு வரி. முதல் படியின் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்கலாம். பிழை வகைகளும் உங்கள் லைப்ரரியின் வெளிமுகம்தான். ஒரு வகையை மாற்றினால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நிரல் உடையும். ஆகவே அது மேஜர் வெர்ஷன் மாற்றம், சேஞ்ச்லாகில் முதல் வரி.

9. வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

பிழைப் பாதைகள் சாதாரண ஓட்டத்தில் ஓடவே ஓடாது, அதனால் அங்கேதான் பக் குடியிருக்கும். லினக்ஸில் வட்டு நிரம்பினால் என்ன ஆகும் என்று பார்க்க வட்டை நிரப்பத் தேவையில்லை. டெவ் ஃபோல்டரில் ‘ஃபுல்’ என்றே ஒரு சாதனம் இருக்கிறது. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்ற பிழை வரும். அனுமதி இல்லாத ஃபைலைச் சோதிக்கும்போது ஒரு கண்ணி: கண்டெய்னருக்குள் ரூட் பயனராக ஓடினால் அனுமதித் தடை வேலை செய்யாது, உங்கள் சோதனைக்குப் பிழையே வராது. அரை நாள் நான் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் குழுவினர் செய்வதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். நினைவகம் கேட்கும் முதல் அழைப்பைத் தோற்க வைத்து ஓட்டுகிறார்கள், பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை, ஒரு தோல்வியும் இல்லாமல் ஓடி முடியும் வரை. இதே உத்தியை நான் ஃபைல் படிப்பதற்குப் பயன்படுத்தினேன்: நான்காவது ரீட் தோற்கும், ஐந்தாவது தோற்கும் என்று. 30 வரி நிரல்தான், 3 பக் பிடித்தது.

10. எவ்வளவு செலவாகும்?

14 ஃபங்ஷனுக்கு மாற்றம் செய்ய 4 நாள், சோதனைக்கு 2 நாள், ஆவணத்துக்கு ஒரு நாள். ஓடும் வேகத்தைப் பற்றிப் பலரும் முதலில் கவலைப்படுகிறார்கள். எக்ஸ்செப்ஷன் எறிவது சாதாரண ரிட்டர்னைவிடச் செலவு கூடியதுதான். ஆனால் ஃபைல் இல்லை என்று ஒரு முறை எறிவதை யாரும் உணரமாட்டார்கள். லட்சம் முறை சுழலும் லூப்புக்குள், அடிக்கடி நடக்கும் சாதாரண விஷயத்துக்கு எறிந்தால்தான் தெரியும். அங்கே ரிட்டர்ன் மதிப்பு போதும்.

உண்மையான செலவு பழைய பயனர்களிடம் இருக்கிறது. மூன்றாவது வெர்ஷன் வெளியிட்ட வாரம் ஒருவர் எழுதினார்: வெற்றுக் கட்டம் 0 ஆவதை நம்பித்தான் அவருடைய அறிக்கைகள் ஓடுகின்றன, பழையபடி மாற்ற முடியுமா? மாற்றவில்லை. வெற்றுச் சரம் வந்தால் 0 வைத்துக்கொள் என்று சொல்லும் இரண்டு வரிக் கால்பேக்கை எழுதி அனுப்பினேன். இப்போது அந்த 0 அவருடைய நிரலில் இருக்கிறது.